‘போதும்’ என்று சொல்லும் கொழுப்பு: பாஸ்போலிப்பிடுகளும் நீடித்த அழற்சியும்

குலசேகரம், திற்பரப்பு, அருமனை வட்டாரங்களில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்குப் பால் எப்படி உறைகிறது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலையில் பட்டையைக் கீறி, சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றி, அளவாக ஃபார்மிக் ஆசிட் விட்டு வைத்தால் அது கட்டித் தயிர்போல் உறைந்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக அடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். யாரும் கேட்காத கேள்வி இன்னொன்று இருக்கிறது. தண்ணீரில் கரையவே கரையாத ரப்பர், ஆசிட் விடும்வரை மட்டும் எப்படித் தண்ணீரோடு கலந்து பாலாகவே இருந்தது?

அந்தப் பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும், புரதமும் பாஸ்போலிப்பிட் என்னும் ஒருவகைக் கொழுப்பும் சேர்ந்த மிக மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. உறையின் வெளிப்புறம் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. ஆசிட் அந்த மின்னேற்றத்தைப் போக்கியதும் தள்ளும் விசை போய்விடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. இக்கட்டுரை அந்த உறையில் உள்ள கொழுப்பைப் பற்றியது. நம் உடலிலும் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருப்பது இதே இனத்துக் கொழுப்புதான். அது செல்லைப் போர்த்துவதோடு நில்லாமல், தேவை முடிந்த இடத்தில் நோயெதிர்ப்பு மண்டலத்தை அடங்கச் சொல்லும் வேலையையும் செய்கிறது என்பதும், அந்த வேலையை மருந்தாக்க முடியுமா என்று பல ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள் என்பதும் மருத்துவத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத செய்திகள்.

முதலில் கொழுப்பின் அமைப்பைப் பார்த்துவிடலாம். தேங்காய் எண்ணெய் போன்ற சாதாரண எண்ணெயின் மூலக்கூறில், கிளிசரால் என்ற சிறு முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் வால்களாகத் தொங்குகின்றன. மூன்றும் தண்ணீரை வெறுப்பவை. பாஸ்போலிப்பிடில் வால்கள் இரண்டுதான். மூன்றாவது இடத்தில் பாஸ்பேட்டும், அதனோடு சேர்ந்த ஒரு சிறு தலைப்பகுதியும் இருக்கின்றன. தலை தண்ணீரை விரும்பும். வால்கள் எண்ணெயை விரும்பும். ஒரே மூலக்கூறில் இரண்டு குணமும் இருப்பதால், தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில்தான் அது குடியிருக்கும். அரைத்த தேங்காயைப் பிழிந்து எடுக்கும் பாலில் எண்ணெய் தனியே பிரியாமல் நிற்பதற்கு அதிலுள்ள புரதங்களோடு பாஸ்போலிப்பிடும் துணை நிற்கிறது; அடுப்பில் வைத்துக் காய்ச்சக் காய்ச்ச அந்தக் கூட்டணி உடைந்து எண்ணெய் தெளிகிறது. முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கொழுப்பு. அந்தக் கொழுப்பிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பாஸ்போலிப்பிட். பிரெஞ்சு மருந்தாளுநரான தியோடோர் கோப்லே அதை மஞ்சள் கருவிலிருந்துதான் பிரித்தெடுத்தார். மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1850இல் அதற்கு லெசித்தின் என்று பெயரிட்டார். இன்று சாக்லேட் உறையின் பின்புறம் பொடி எழுத்தில் காணப்படும் சோயா லெசித்தினும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்த மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால், வால்களை உள்ளே மறைத்து, தலைகளை இருபுறமும் வெளியே நீட்டி, இரண்டு அடுக்காகத் தாமே அடுக்கிக்கொள்ளும். செல் சவ்வு என்பது அடிப்படையில் அந்த இரட்டை அடுக்குதான். ஹாலந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் 1925இல் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தபோது, அது அந்தச் செல்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. அதிலிருந்துதான் சவ்வு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். தலைப்பகுதியில் கோலின் இருந்தால் அது பாஸ்ஃபடிடைல்கோலின். செரீன் இருந்தால் பாஸ்ஃபடிடைல்செரீன். கிளிசரால் இருந்தால் பாஸ்ஃபடிடைல்கிளிசரால். பெயர்கள் நாக்கைச் சுளுக்கும். ஆனாலும் இந்த மூன்றையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், கட்டுரை முழுவதும் இவைதான் வந்து போகப்போகின்றன.

இனி அழற்சி. பால் வெட்டும் கத்தி கையில் பட்டுவிட்டால், வெட்டிய இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது. அது நோயன்று, காவலர்கள் வந்து சேர்ந்துவிட்டதற்கான அடையாளம். வெள்ளணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறி, கிருமியைக் கொன்று, சிதைந்த திசுவை அள்ளிக்கொண்டு, ஒரு வாரத்தில் கலைந்து போகின்றன. நீடித்த அழற்சி நோய்களில் இந்தக் கலைந்து போதல் நடப்பதில்லை. முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்விலும், சொரியாசிஸில் தோலிலும், ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயிலும், பெருங்குடல் புண் நோயில் குடலின் உட்பரப்பிலும், லூபஸ் நோயில் சிறுநீரகம் முதல் தோல் வரை பல இடங்களிலும், எதிரி இல்லாத களத்தில் படை பாளையமிட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது.

எதிர்ப்பு எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றி அறிவியல் நெடுங்காலம் யோசித்தது. அது எப்படி முடிகிறது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. வீக்கம் தானே ஓய்ந்துவிடும், தீ விறகு தீர்ந்ததும் அணைவதுபோல, என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். இப்போது நமக்குத் தெரிவது, அழற்சி அணைக்கப்படுகிறது என்பது. அணைப்பதற்குத் தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றுள் தெளிவாக ஆராயப்பட்ட ஒன்றைச் சுமந்து வருவது பாஸ்ஃபடிடைல்செரீன்.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உயிருள்ள ஒரு செல்லில் பாஸ்ஃபடிடைல்செரீன் ஏறத்தாழ முழுவதும் சவ்வின் உள்ளடுக்கில்தான் வைக்கப்பட்டிருக்கும். அது தற்செயலாக வெளியடுக்குக்கு வந்துவிட்டால், ஃபிளிப்பேஸ் என்ற புரதம் ஆற்றலைச் செலவழித்து மீண்டும் உள்ளே புரட்டிப் போடும். வீட்டுக்குள் இருக்க வேண்டிய பொருளை வாசலில் கிடக்க விடாத கண்டிப்பு அது. செல் தன் ஆயுள் முடிந்து முறைப்படி இறக்கத் தொடங்கும்போது இந்தக் கண்டிப்பு தளர்கிறது. ஃபிளிப்பேஸ் வெட்டப்பட்டு முடங்குகிறது. ஸ்கிராம்பிளேஸ் என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொண்டு இரண்டு அடுக்குகளையும் கலைத்து விடுகிறது. இந்த இரண்டாவது புரதத்தை 2013இல் அடையாளம் காட்டியது ஜப்பானிய அறிஞர் ஷிகெகாசு நகாட்டாவின் குழு. பாஸ்ஃபடிடைல்செரீன் இப்போது வெளிப்புறத்தில் தெரிகிறது. துக்க வீட்டு வாசலில் கட்டிய கருப்புத் துணியைப்போல, பார்ப்பவருக்குச் செய்தி புரிகிறது.

பார்ப்பவர் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கணு. அது இறந்த செல்லை அப்படியே விழுங்கிச் செரித்துவிடுகிறது. நம் உடலில் சிவப்பணுக்கள் மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி இறக்கின்றன. மண்ணீரலும் கல்லீரலும் அவற்றை ஓசையின்றி அப்புறப்படுத்துகின்றன. இத்தனை சாவு நடந்தும் நமக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், விழுங்குவதோடு இன்னொன்றும் நடக்கிறது என்று ஊகிக்கலாம். அந்த இன்னொன்றுதான் நம் கதையின் நடு. கிருமியை விழுங்கிய பெருவிழுங்கணு கூச்சலிட்டுப் படையை அழைக்கும். இறந்த செல்லை விழுங்கிய அதே பெருவிழுங்கணு, டி.ஜி.எஃப்-பீட்டா, இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் சமிக்ஞைகளைச் சுரந்து சுற்றுப்புறத்தை அமைதிப்படுத்தும். 1990களில் பல ஆய்வகங்கள் இதைக் காட்டின. ஒரே செல், ஒரே வாய். எதை விழுங்கியது என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறுகிறது.

இந்த ஏற்பாடு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நகாட்டாவின் குழுவே ஒரு சான்று தந்தது. எம்.எஃப்.ஜி.-இ8 என்றொரு புரதம் ஒரு கையால் பாஸ்ஃபடிடைல்செரீனையும் மறு கையால் பெருவிழுங்கணுவையும் பற்றி இரண்டையும் இணைத்து வைக்கிறது. (பெயரின் முதல் பகுதி பால் கொழுப்பு உருண்டையைக் குறிக்கிறது, பாலில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகளைப் போர்த்தியிருக்கும் பாஸ்போலிப்பிட் சவ்வில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது. ரப்பர்ப் பால், தேங்காய்ப் பால், பசும்பால் மூன்றும் ஒரே தந்திரத்தில்தான் பாலாக இருக்கின்றன.) அந்தப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் இறந்த செல்கள் அகற்றப்படாமல் தேங்கின, நாளடைவில் அவை உடைந்து உள்ளடக்கம் கசிய, எலிகளுக்கு லூபஸை ஒத்த தன்னெதிர்ப்பு நோய் வந்தது. பிணத்தை நேரத்தில் எடுக்காத தெருவில் என்ன நடக்குமோ அதுதான்.

ஆகவே, செயற்கையாகத் தயாரித்த நுண்ணிய கொழுப்பு உருண்டைகளின் மேற்பரப்பில் பாஸ்ஃபடிடைல்செரீனைப் பதித்துச் செலுத்தினால், பெருவிழுங்கணுக்கள் அவற்றை இறந்த செல்கள் என்று எண்ணி விழுங்கி, அமைதியைப் பரப்புமா என்ற யோசனை எழுந்தது. லைப்போசோம் எனப்படும் அவ்வுருண்டைகளைச் செய்யும் வழி 1960களில் அலெக் பாங்கம் என்ற ஆங்கிலேயர் காட்டியது. இன்று பல மருந்துகள் அவற்றுக்குள் அடைக்கப்பட்டே உடலுக்குள் செல்கின்றன. இங்கே உள்ளே மருந்து எதுவும் இல்லாமல், உருண்டையின் தோலே மருந்தாகிறது. விலங்குச் சோதனைகளில் யோசனை பலித்திருக்கிறது. ஒரு சிக்கலும் உண்டு: இந்தச் செய்தியைக் களவாடுபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சில வைரஸ்கள் தம் உறையில் பாஸ்ஃபடிடைல்செரீனைக் காட்டிக்கொண்டு, செத்த செல்லின் வேடத்தில் உள்ளே நுழைகின்றன. சில புற்றுக்கட்டிகளும் அதைக் காட்டித் தம்மைச் சுற்றியுள்ள எதிர்ப்பைத் தூங்க வைக்கின்றன. அமைதி எல்லா இடத்திலும் நல்லதன்று என்பதை மருந்து செய்பவர் மறக்க முடியாது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, பாஸ்போலிப்பிட் என்றாலே சாந்த சொரூபி என்று எண்ணிவிடக் கூடாது. மீண்டும் ரப்பர்ப் பாலுக்கு வருகிறேன். உறையாமல் பல மாதம் வைத்திருக்க வேண்டிய பாலில் அம்மோனியா சேர்ப்பார்கள். நாள் ஆக ஆக அம்மோனியா, துகளின் உறையிலுள்ள பாஸ்போலிப்பிடைச் சிதைக்கிறது. பிரிந்து வந்த கொழுப்பு அமிலங்கள் சோப்பாக மாறித் துகள்மீது படிந்து பாலை இன்னும் உறுதியாக்குகின்றன. அதாவது, உறையாக இருந்தபோது ஒரு வேலை, உடைந்தபின் வேறொரு வேலை. நம் செல் சவ்விலும் இதுவே நடக்கிறது, விளைவு மட்டும் வேறு. காயமோ கிருமியோ செல்லைச் சீண்டும்போது பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி, சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடின் இரண்டு வால்களில், கிளிசராலின் நடு இடத்தில் தொங்கும் வாலை வெட்டியெடுக்கிறது. அந்த வால் பெரும்பாலும் அராக்கிடோனிக் அமிலம். அதிலிருந்துதான் வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் தரும் புராஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. ஆஸ்பிரின் அந்த உருவாக்கத்தைத் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஸ்டீராய்டு மருந்துகள் செய்யும் பல வேலைகளுள் ஒன்று, இதற்கு ஒரு படி மேலே, வால் வெட்டப்படுவதையே குறைப்பது. 1948இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுக்கப்பட்டபோது, படுத்த படுக்கையாக இருந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். அதன் மறுபக்கமும் விரைவில் தெரிந்தது: எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல், கண்புரை, எளிதில் தொற்று. ஊருக்கெல்லாம் ஊரடங்கு போட்டால் கலவரம் அடங்கும். கடையும் பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் மூடப்படும்.

இயற்கைப் பாஸ்போலிப்பிடுகள் மேல் ஆய்வாளர்களுக்கு ஆசை வந்ததற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். அவை தெருவளவில் அமைதி பேசுபவை. இதற்கு நுரையீரலைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நம் மூச்சுப்பைகளின் உட்பரப்பை விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். ஒரு நாளில் அந்தப் பரப்பில் வந்து படுகிற தூசியையும் கிருமியையும் எண்ணிப் பாருங்கள்: கயிறு திரிக்கும் இடத்துத் தென்னைநார்ச் சோற்றுத் தூசி, முந்திரி வறுக்கும் புகை, இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டத்தின் ஈரச் சுவரில் படரும் பூஞ்சை. ஒவ்வொன்றுக்கும் நுரையீரல் வீங்கினால் மூச்சு விட இடமிருக்காது. மூச்சுப்பைகளை உட்புறம் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பூச்சில் பெரும்பகுதி பாஸ்போலிப்பிட். குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதாததால்தான் மூச்சுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன என்று மேரி எல்லன் ஏவரி 1959இல் காட்டினார். அந்தக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் இன்று சர்ஃபாக்டன்டை மருந்தாகவே செலுத்துகிறார்கள். இந்தப் பூச்சில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாஸ்ஃபடிடைல்கிளிசரால். உடலின் பிற திசுக்களில் மிகச் சொற்பமாகவே இருக்கும் இது, நுரையீரலில் மட்டும் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு நெடுநாள் தெளிவான விடை இல்லை.

அமெரிக்காவின் டென்வர் நகரில் டென்னிஸ் வோல்க்கரின் குழு 2009இலும் 2010இலும் வெளியிட்ட ஆய்வுகள் ஒரு விடையைத் தந்தன. பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள நச்சை நம் செல்கள் அடையாளம் காண்பது டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியின் வழியாக. அந்த நச்சை ஏற்பியிடம் கொண்டு சேர்க்க சி.டி.14, எம்.டி.2 என்ற இரு துணைப் புரதங்கள் உண்டு. நச்சும் ஒருவகைக் கொழுப்பு வால்களைக் கொண்டதே. எதிர்மின்னேற்றமுள்ள பாஸ்ஃபடிடைல்கிளிசரால் அதே துணைப் புரதங்களில் முந்திக்கொண்டு அமர்ந்துவிட, நச்சுக்கு இடமில்லாமல் போகிறது. எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளியைத் தரும் ஆர்.எஸ்.வி. வைரஸ் செல்லில் ஒட்டுவதையும் அது தடுத்தது; எலிகளின் மூக்கு வழியே செலுத்தியபோது தொற்றும் வீக்கமும் குறைந்தன. தோலில் பாஸ்ஃபடிடைல்கிளிசரால் தடவி, சொரியாசிஸை ஒத்த அழற்சியைக் குறைக்கும் எலி ஆய்வுகளும் பின்னர் வந்திருக்கின்றன. இங்கே எனக்குப் பிடித்தது, மருந்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது: அந்த உறுப்பு தனக்கென்று ஏற்கெனவே பூசி வைத்திருந்ததை அடையாளம் கண்டு, அதையே இன்னும் கொஞ்சம் பூசிப் பார்க்கிறார்கள்.

குடலில் நடந்த முயற்சி இன்னும் முன்னே போய், மனிதர்களிடமே சோதிக்கப்பட்டது. பெருங்குடலின் உட்புறத்தை மூடியிருக்கும் சளிப் படலத்தில் பாஸ்ஃபடிடைல்கோலின் கலந்திருந்து, தண்ணீர் ஒட்டாத காப்பாக நிற்கிறது. குடலிலுள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் சுவரைத் தொடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெருங்குடல் புண் நோய் உள்ளவர்களின் சளியில் அது குறைந்திருப்பதை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வோல்ஃப்காங் ஷ்ட்ரெம்மெலின் குழு கண்டது. வாய்வழி சாப்பிடும் லெசித்தின் சிறுகுடலிலேயே செரித்துவிடும் என்பதால், பெருங்குடல் வரை போய்க் கரையும்படி தயாரித்த பாஸ்ஃபடிடைல்கோலினை 60 நோயாளிகளிடம் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கே தணிந்தது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னர் நடந்த பெரிய சோதனைகளில் அந்தப் பலன் எதிர்பார்த்த அளவில் நிலைக்கவில்லை. இப்படி நிகழ்வது மருத்துவ ஆய்வில் புதிதன்று. சிறு சோதனை கதவைத் தட்டும். திறக்க வேண்டியது பெரிய சோதனைதான்.

புழுக்களிடமிருந்தும் ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. கொசுவால் பரவும் யானைக்கால் நோயைத் தமிழகக் கடலோரம் நன்றாகவே அறியும். அந்தப் புழு ஒருவர் உடலில் பல ஆண்டுகள் வாழ்கிறது; எதிர்ப்பு மண்டலம் அதை எப்படிச் சகித்துக்கொள்கிறது? அதற்கு உறவான, கொறிவிலங்குகளில் வாழும் புழு ஒன்று சுரக்கும் இ.எஸ்-62 என்ற புரதத்தில், பாஸ்ஃபடிடைல்கோலினின் தலைப்பகுதியான பாஸ்ஃபரில்கோலின் ஒட்டியிருக்கிறது. எலிகளுக்குச் செயற்கையாக வரவழைத்த மூட்டு அழற்சியை அந்தப் புரதம் குறைத்தது; தலைப்பகுதிதான் அந்த வேலையின் சாவி என்று ஸ்காட்லாந்தில் ஹார்னெட் இணையரின் ஆய்வுகள் காட்டின. பாஸ்போலிப்பிடின் தலை ஒன்றைத் தொப்பியாக அணிந்து புழு தப்பிப் பிழைக்கிறது என்று சொல்லலாம். அந்தத் தொப்பியை மட்டும் எடுத்துச் சிறு மூலக்கூறாக்கும் முயற்சியும் நடக்கிறது.

பாஸ்போலிப்பிட் உலகத்திலிருந்து மருந்துக் கடை வரை வந்து சேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்பது ஒற்றை வால் கொண்ட, உடல் தானே செய்யும் ஒரு பாஸ்போலிப்பிட். அது இரத்தத்திலும் நிணநீரிலும் அதிகம், திசுக்களில் குறைவு. நெறிகட்டும் இடங்களான நிணக்கணுக்களில் தங்கியிருக்கும் வெள்ளணுக்கள், இந்த ஏற்றத்தாழ்வை மோப்பம் பிடித்தே வெளியேறும் வழியைக் காண்கின்றன. ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த மிரியோசினைத் திருத்தியமைத்து உருவாக்கிய ஃபிங்கோலிமோட், அந்த மோப்பத்தைக் கெடுத்து வெள்ளணுக்களைக் கணுக்களுக்குள்ளேயே நிறுத்தி வைக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு 2010இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதே வழியில் இயங்கும் ஓசானிமோட் பெருங்குடல் புண் நோய்க்கு 2021இல் ஒப்புதல் பெற்றது. இவை இயற்கைப் பாஸ்போலிப்பிடுகள் அல்ல, அவற்றின் குரலைப் போலி செய்பவை. ஃபிங்கோலிமோடின் முதல் வேளையில் இதயத்துடிப்பு குறையலாம் என்பதால் நோயாளியை ஆறு மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள். உடலின் சொந்த மொழியில் பேசினாலும், தவறான இடத்தில் பேசினால் இதயமும் திரும்பிப் பார்க்கும்.

கருங்கல்லில் இருக்கும் என் மாமிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல், வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அடுக்களையில் உட்கார்ந்திருப்பார். சென்ற ஆண்டு யாரோ கொடுத்ததாக லெசித்தின் தூள் டப்பா ஒன்றை என் முன்னால் வைத்து, "மக்களே, இது முட்டையில உள்ள சத்துதானாமே, அப்ப மாத்திரைய நிறுத்தலாமில்லியா?" என்று கேட்டார். இக்கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். தூளாகச் சாப்பிடும் லெசித்தின் குடலில் செரித்துத் துண்டு துண்டாகத்தான் இரத்தத்துக்குப் போகிறது. மூட்டுக்குப் போய் ‘போதும்’ என்று சொல்லும் முழு மூலக்கூறாக அது போய்ச் சேர்வதில்லை. மேலே கண்ட ஆய்வுகள் எல்லாவற்றிலும் எந்தத் தலை, எந்த வால், எந்த இடம், எவ்வளவு நேரம் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. வால் சற்று மாறினாலோ பழைய எண்ணெய்போல் காற்றில் பட்டுச் சிக்குப் பிடித்தாலோ அடக்கும் மூலக்கூறே தூண்டும் மூலக்கூறாக மாறக்கூடும். இரத்தக் குழாய்ச் சுவரில் சிக்குப் பிடித்த பாஸ்போலிப்பிடுகளுக்கு மாரடைப்பு வழியில் பங்கு உண்டு. கோலின் உள்ள பாஸ்போலிப்பிடைக் குடல் பாக்டீரியாக்கள் சிதைத்துத் தரும் பொருளைக் கல்லீரல் டி.எம்.ஏ.ஓ. என்பதாக மாற்றுகிறது என்றும், அது மிகுந்தவர்களிடம் இதய நோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்றும் 2011இல் கிளீவ்லாந்தில் ஒரு குழு காட்டியது. முட்டையைப் பார்த்துப் பயப்பட இது காரணமாகாது. டப்பா டப்பாவாகத் தூளை அள்ளிப் போடாமலிருக்கக் காரணமாகலாம். பன்னிரண்டு ஆண்டு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வீக்கம் திரும்பி எலும்பை அரிக்கும். ஸ்டீராய்டு சாப்பிட்டு வருபவர் நிறுத்தினால், தானே ஸ்டீராய்டு சுரக்க மறந்துபோன உடல் மயங்கி விழவும் கூடும்.

உணவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது குளச்சலிலும் முட்டத்திலும் கூடையில் வந்து இறங்குகிறது. சாளை, அயிலை போன்ற மீன்களின் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 அமிலங்கள், நாள்பட உண்ணும்போது, நம் செல் சவ்வின் பாஸ்போலிப்பிடில் அராக்கிடோனிக் அமிலம் இருந்த நடு வால் இடத்தில் ஓரளவு போய் அமர்கின்றன. அதன்பின் நொதி வந்து வாலை வெட்டினாலும் கையில் கிடைப்பது சாதுவான சரக்கு; அதிலிருந்து, அழற்சியை முடித்து வைக்கும் ரிசால்வின் என்ற பொருள்களும் உருவாகின்றன என்று சார்ல்ஸ் செர்ஹான் 2000ஆம் ஆண்டு முதல் காட்டி வருகிறார். முடக்குவாத நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலவற்றில் வலியும் காலை விறைப்பும் ஓரளவு குறைந்தன. 3 கிராம் என்பது தினமும் தட்டு நிறையச் சாளை, எல்லாருக்கும் ஆகாது. வாரம் சில நாள் சாளைப் புளிமுளம் வைப்பவர் அந்த அளவை எட்டாவிட்டாலும் சரியான திசையில்தான் இருக்கிறார். பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மீன் எண்ணெய் மாத்திரை தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மாமியின் டப்பா கிறிஸ்துமஸ் கேக்குக்குப் போயிற்று. மாவில் வெண்ணெயும் பாலும் பிரியாமல் பிடித்து வைப்பது லெசித்தினுக்குக் கைவந்த வேலை. கேக் மெத்தென்று வந்தது. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை அவர் முன்போலவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறார்; வாரம் ஒரே ஒரு நாள் என்பதால், மறந்துபோய் மறுநாளும் போட்டுவிடாமலிருக்க நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்திருக்கிறார்.